சென்னையில் தாதிலிருந்து இரும்பு எடுக்க நினைப்பவர்களுக்கு: தாது, காகிதம், கரி, உலை

கல்லூரி ப்ராஜெக்ட், பள்ளிக் கண்காட்சி, இல்லை வெறும் ஆசை. காரணம் எதுவானாலும், இரும்புத் தாதை வாங்கி நாமே இரும்பு எடுத்துப் பார்க்கலாமா என்று சென்னையில் கேட்கிறவர்கள் நிறைய. மண் உலை கட்டுவதைக் காட்டும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தாதை யாரிடம் வாங்குவது, என்ன பில் கேட்பது, எந்த மாதத்தில் மண் காயும், யாருக்குக் கடிதம் கொடுப்பது என்பதை யாரும் சொல்வதில்லை. இதற்காக எங்கள் குழு அலைந்த அலைச்சல் அடுத்தவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உலை எரிவது ஒரே ஒரு நாள். அதற்கு முந்தைய ஒன்றரை, இரண்டு மாதங்கள் தாதுக்கும் காகிதத்துக்கும் மண் காய்வதற்கும் போகும். அதனால் உலையைக் கட்டி வைத்துக்கொண்டு தாதைத் தேடாதீர்கள். தாது வந்து, அதன் பரிசோதனை அறிக்கையும் கைக்கு வந்த பிறகு மண்ணைக் குழைத்தால் போதும்.

1. எந்த முறை என்று முடிவு செய்யுங்கள்

தாது என்பது பெரும்பாலும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கல். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டால் இரும்பு மிஞ்சும். ஊது உலை, ஸ்பாஞ்ச் அயர்ன் சூளை, மண் உலை எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. வெப்பமும் அளவும்தான் வேறு.

எஃகு ஆலைகளின் ஊது உலையில் தாது, கோக் (காற்றில்லாமல் சுட்ட நிலக்கரி), சுண்ணாம்புக்கல் மூன்றும் மேலிருந்து இறங்கும், சூடான காற்று கீழிருந்து ஏறும். அடியில் சேர்வது உருகிய இரும்பு. அதில் 4 சதவீதம் அளவுக்குக் கார்பன் ஏறியிருக்கும், சம்மட்டியால் அடித்தால் சிதறிவிடும். இதைச் சின்ன அளவில் செய்து பார்க்க ஆசைப்படாதீர்கள். உருகிய இரும்பைக் கையாள்வது புதியவர்களுக்கான வேலை இல்லை.

ஸ்பாஞ்ச் அயர்ன் ஆலைகளில், சுழலும் நீண்ட உருளைச் சூளைக்குள் தாதும் சாதாரண நிலக்கரியும் 1,000 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் உருளும். தாது உருகாமலே இரும்பாகும். உலகில் இந்த வகை இரும்பை அதிகம் தயாரிப்பது இந்தியாதான்.

நமக்கு ஒத்துவருவது இரண்டு முறைகள். ஒன்று, மூசை என்கிற வெப்பம் தாங்கும் கிண்ணத்துக்குள் தாதுத் தூளையும் கரித்தூளையும் அடைத்து மின்சார உலையில் வைப்பது. கைப்பிடி அளவு இரும்பு கிடைக்கும், கல்லூரி ஆய்வகத்திலேயே முடியும். இன்னொன்று, வெட்டவெளியில் மண் உலை. இதில் வெப்பம் 1,200, 1,300 டிகிரி வரை போகும். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும் என்பதால் அது உருகாது. தாதில் இருக்கும் மற்ற கழிவுகள் சேர்ந்த கசடுதான் உருகி வழியும். இரும்பு ஓட்டை ஓட்டையாக ஒரு கட்டியாக உலைக்குள்ளேயே தங்கும், அதை அடித்து இறுக்க வேண்டும்.

முதலில் மூசை, அப்புறம் மண் உலை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். அரைக் கிலோ தாதில் தெரிந்துகொள்ள வேண்டியதை இருபது கிலோ தாதையும் ஒரு நாள் உழைப்பையும் செலவழித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

2. தாது எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது

இந்தப் பகுதியில்தான் எல்லோரும் சிக்குகிறார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் தாது குவிந்து கிடக்கும் என்பது பழைய ஞாபகம். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 2011 அக்டோபரிலிருந்து அங்கே நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதில்லை. ராயபுரம் பக்கம் போய் விசாரித்துப் பயனில்லை.

அடுத்தது கடற்கரைக் கறுப்பு மணல். திருவான்மியூர் கரையில் காந்தத்தை மணலுக்குள் விட்டால் கறுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வருவது உண்மைதான். அதை அள்ளாதீர்கள். கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் போன்ற கனிமங்கள் கலந்திருக்கும். மோனசைட்டில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, இவையெல்லாம் அரசின் கடும் கட்டுப்பாட்டில் இருப்பவை. கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் மணல் எடுப்பதும் குற்றம். சட்டத்தை விடுங்கள், உலைக்கும் அது ஆகாது. இல்மனைட்டில் டைட்டானியம் உண்டு, அது சேர்ந்த தாதில் கசடு இறுகிப் போய் வழியாமல் நிற்கும்.

சேலம் கஞ்சமலை, திருவண்ணாமலை கவுத்திமலைப் பகுதிகளில் இருப்பது மேக்னடைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு தாது. ஆனால் குவார்ட்ஸோடு பட்டை பட்டையாகக் கலந்தது, இரும்பு 35 முதல் 40 சதவீதம்தான். அரைத்து, காந்தத்தில் பிரித்தெடுக்காமல் அப்படியே உலையில் போட்டால் கசடு மட்டும்தான் வரும். மலையில் கிடக்கிற கல்தானே என்று பையில் போட்டுக்கொண்டு வருவதும் கூடாது. அனுமதியில்லாமல் கனிமம் எடுத்ததாகத்தான் அது ஆகும்.

அப்படியானால் எதை வாங்குவது? இரண்டு வழி சொல்கிறேன்.

முதல் வழி, கர்நாடகத்தின் பல்லாரி, சண்டூர், ஹோஸ்பேட் பக்கத்து ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு தாது. இரும்பு 60 சதவீதத்துக்கு மேல் உள்ள நல்ல தாது அங்கே உண்டு. அங்கிருந்து வாங்கி விற்கும், பதிவு பெற்ற கனிம வியாபாரியைப் பிடியுங்கள். டன் கணக்கில் பேசிப் பழகியவர்கள் என்பதால் ஐம்பது கிலோ என்றதும் போனை வைத்துவிடுவார்கள். கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதி, "ஆய்வுக்காக, 50 கிலோ, 10 முதல் 40 மில்லிமீட்டர் கட்டித் தாது, பில்லும் போக்குவரத்துச் சீட்டும் சேர்த்து" என்று அனுப்பினால் பதில் வருகிறது. தூளாக வேண்டாம், கட்டியாகக் கேளுங்கள். கட்டியை நாம் உடைத்துக்கொள்ளலாம், தூளை ஒட்டவைக்க முடியாது.

இரண்டாவது வழி, தாதே இல்லாமல் தொடங்குவது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இரும்புக் கம்பி உருட்டும் ஆலைகள் பல இருக்கின்றன. பழுக்கக் காய்ச்சிய இரும்பை உருட்டும்போது மேலே செதில் செதிலாக உரிந்து விழும் கறுப்புச் சருகை மில் ஸ்கேல் என்பார்கள். அதுவும் இரும்பு ஆக்சைடுதான், இரும்பு 70 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சுரங்கத்திலிருந்து வந்ததில்லை என்பதால் கனிமத்துக்கான போக்குவரத்துச் சீட்டு கேள்வி எழாது, பில் மட்டும் போதும். பழகுவதற்கு இதைவிட நல்ல சரக்கு கிடையாது. ஒரே கவனம்: எண்ணெய் படிந்த செதிலை வாங்காதீர்கள். கையில் தேய்த்தால் பிசுபிசுத்தால் வேண்டாம். மிக நைசாக இருந்தால் கொஞ்சம் களிமண் கரைசல் விட்டுப் பிசைந்து, உருட்டிக் காயவைத்துத்தான் உலையில் போட வேண்டும்.

வந்த தாது உண்மையிலேயே தாதுதானா என்று வண்டியை அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடலாம். ஒரு டைல்ஸ் துண்டைத் திருப்பி, மெருகில்லாத பின்பக்கத்தில் கல்லை அழுத்தித் தேயுங்கள். ஹேமடைட் காய்ந்த ரத்த நிறத்தில் கோடு விடும். மேக்னடைட்டின் கோடு கறுப்பு. மஞ்சள் பழுப்பாக வந்தால் கோதைட், அதுவும் பயன்படும், ஆனால் நீர் அதிகம் பிடித்தது என்பதால் நன்றாக வறுக்க வேண்டும். கல்லின் மேல்நிறத்தை நம்பாதீர்கள். ஒரு வியாபாரி எங்களுக்கு அனுப்பிய முதல் சாக்கில் பாதி, சிவந்த செம்புராங்கல். பார்வைக்குத் தாது மாதிரியே இருந்தது. கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. நல்ல ஹேமடைட் சாதாரணக் கருங்கல்லைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனக்கும்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

இரும்புத் தாது 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. விதிப்படி சீட்டு இல்லாமல் கனிமத்தைக் கொண்டுபோவதும் சேர்த்து வைப்பதும் தவறு. தண்டனை ஐந்து ஆண்டுச் சிறை வரை போகும், வண்டியையும் பறிமுதல் செய்யலாம். தமிழ்நாட்டில் கனிம வியாபாரிகள் பதிவு செய்துகொள்வதற்கும் போக்குவரத்துச் சீட்டுக்கும் 2011இல் வந்த தனி விதிகள் இருக்கின்றன. ஒரே சாக்காக இருந்தாலும் காகிதம் கேட்டு வாங்குங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை: வியாபாரியின் ஜி.எஸ்.டி. பில், அதில் சரக்கின் வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். எண் 2601 என்று இருக்கிறதா என்று பாருங்கள், 2021 அக்டோபரிலிருந்து தாதுக்கு வரி 18 சதவீதம். தாது கிளம்பிய மாநிலத்தின் போக்குவரத்துச் சீட்டு, அல்லது வியாபாரி தன் கையிருப்பிலிருந்து கொடுத்தால் அவருடைய சீட்டு. வியாபாரியின் பதிவுச் சான்றிதழ் நகல். உங்கள் கல்லூரியோ அமைப்போ கொடுத்த கடிதம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் சரக்கு என்றால் ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) தேவைப்படாது. அது வேண்டாம் என்றதும் "சார், எந்தப் பேப்பரும் வேண்டாம்" என்று பார்சல் லாரிக்காரர் சொல்லிவிடுவார். ஈ-வே பில் வரித் துறையின் விஷயம். கனிமச் சீட்டு வேறு துறை. ஒன்று வேண்டாம் என்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. சந்தேகம் இருந்தால் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள புவியியல், சுரங்கத் துறை ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்காமல் ஒரு மனு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் விழுந்த நகல் இருந்தால் அடுத்த மேசையில் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை.

4. பரிசோதனை

தாதை வாங்கியதும் அதிலிருந்து ஒரு கிலோவைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தரமணி சி.எஸ்.ஐ.ஆர். வளாகத்தில் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையம் இருக்கிறது, தாதுப் பதப்படுத்தல் அவர்கள் வேலை. கிண்டி, அம்பத்தூர் பக்கம் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் உண்டு. எந்த இடமானாலும் முதலில் மின்னஞ்சலில் விலைப்புள்ளி கேட்டு வாங்குங்கள். மாதிரி ஒன்றுக்கு மூவாயிரத்தை ஒட்டி ஆகும், வரி தனி. அறிக்கைக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று சொல்வார்கள். இரண்டு வாரம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

"இரும்பு எவ்வளவு" என்று மட்டும் கேட்காதீர்கள். மொத்த இரும்பு, சிலிக்கா, அலுமினா, பாஸ்பரஸ், கந்தகம், சூடேற்றினால் குறையும் எடை என்று ஆறையும் எழுதிக் கேளுங்கள். இரும்பு 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது, 50க்குக் கீழே என்றால் மண் உலைக்கு அதை மறந்துவிடுங்கள். பாஸ்பரஸ் ஏறினால் இரும்பு குளிர்ந்த பிறகு நொறுங்கும். கந்தகம் ஏறினால் பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போதே பிளக்கும். சிலிக்கா கொஞ்சம் இருப்பது நல்லதுதான், அது இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து 1,200 டிகிரியில் வழியும் கசடாகி, இரும்புக் கட்டியைச் சுற்றிக் காக்கும். சிலிக்கா மிகக் குறைவான தாது என்றால் கிலோவுக்கு ஐம்பது கிராம் சுத்தமான ஆற்று மணல் சேர்க்கலாம்.

மாதிரி எடுப்பதில்தான் காசு வீணாகும். சாக்கின் மேலிருந்து நாலு நல்ல கல்லைப் பொறுக்கி அனுப்பினால் அறிக்கையும் அந்த நாலு கல்லைப் பற்றித்தான் பேசும். சாக்கு முழுவதையும் தார்ப்பாயில் கொட்டிப் பெரிய கற்களை உடைத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டியால் நடுவில் கூம்பாகக் குவியுங்கள். உச்சியைத் தட்டிச் சப்பையாக்கி, நான்கு பங்காக வெட்டுங்கள். எதிரெதிர் பங்குகள் இரண்டை ஒதுக்கிவிட்டு மீதியை மறுபடி உடைத்து, மறுபடி கூம்பாக்கி, மறுபடி நான்காக்குங்கள். ஒரு கிலோ மிஞ்சும் வரை இப்படியே. அரை நாள் ஆகும். அந்த அரை நாள் வேலையை யாரும் குறைக்க முடியாது.

5. வறுத்தல், உடைத்தல், சலித்தல்

கட்டித் தாதை விறகு அடுக்கி அதன் மேல் பரப்பி, இன்னொரு அடுக்கு விறகு போட்டு எரியவிடுங்கள். ஈரம் போகும், கல்லில் விரிசல் விடும். ஆறிய பிறகு சுத்தியலால் தட்டினாலே உடையும். வறுக்காத ஹேமடைட்டை உடைக்கத் தோள்பட்டை போய்விடும்.

உடைத்ததை இரண்டு சல்லடையில் விடுங்கள். கொண்டைக்கடலைக்கு மேல் பெரிதாக இருப்பது மறுபடி உடைக்க. ரவைக்குக் கீழே நைசாக இருப்பது மூசைச் சோதனைக்கு. நடுவில் நிற்பதுதான் உலைக்கு. பெரிய துண்டின் வெளிப்பக்கம் இரும்பாகி உள்பக்கம் தாதாகவே தங்கிவிடும். நைஸ் தூளோ கரிக்கு நடுவே காற்று ஏறும் வழியை அடைக்கும். இந்த வேலை முழுக்க முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்புத் தூசி துணியில் பட்டால் லேசில் போகாது, பழைய துணி கட்டுங்கள்.

6. மூசையில் ஒரு ஒத்திகை

நூறு கிராம் தாதுத் தூள், நாற்பது கிராம் சிரட்டைக் கரித்தூள். கலந்து மூடியுள்ள மூசையில் அமுக்கி, மேலே ஒரு விரல் கனத்துக்குக் கரித்தூள் பரப்பி மூடுங்கள். மின்சார உலையில் 1,000 முதல் 1,050 டிகிரியில் மூன்று மணி நேரம். மூசையிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும் என்பதால் புகைபோக்கி ஓடும் அறையில்தான் இதைச் செய்ய வேண்டும். ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். சூட்டோடு திறந்தால் புதிதாகப் பிறந்த இரும்பு காற்றோடு சேர்ந்து மறுபடி ஆக்சைடாகிவிடும்.

சுத்தமான ஹேமடைட் நூறு கிராமில் இரும்பு எழுபது கிராம். மீதி முப்பது ஆக்சிஜன். எடை எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு தூரம் வேலை நடந்தது என்று ஓரளவு தெரியும்.

காந்தம் ஒட்டுகிறது என்று கொண்டாடிவிடாதீர்கள். பலர் ஏமாறும் இடம் இது. பாதி வெந்த தாது மேக்னடைட்டாக மாறியிருக்கும், அதுவும் காந்தத்தில் ஒட்டும். சரியான சோதனை வேறு. ஒரு துண்டைச் சுத்தியலால் தட்டுங்கள். இரும்பானால் நசுங்கித் தட்டையாகும், அரத்தில் தேய்த்தால் பளபளக்கும். தாதானால் தூளாகும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கித் தண்ணீரில் கரைத்து, அதில் துண்டைப் போடுங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் செம்பு நிறம் ஏறும். தாதில் ஏறாது. நீலத் தண்ணீருக்குள் சாம்பல் நிறத் துண்டின் ஓரம் சிவந்துகொண்டு வருவதைப் பார்க்கும் மாணவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

7. இடம், மாதம், கடிதங்கள்

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, தளம் வெடித்துத் தெறிக்கும். அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் புகையும் வாயுவும் போகும். கூரையோ ஷெட்டோ கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, தலைவலியும் மயக்கமும்தான் முதல் அறிகுறி. சுற்றிலும் திறந்த மண் தரை வேண்டும். படப்பை, திருப்போரூர், செங்குன்றம் பக்கம் யாருக்காவது காலி மனை இருந்தால் அதுதான் சரி. மனைக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஏரிக்கரைப் புறம்போக்கில் போடாதீர்கள்.

மாதம் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண் காயாது. போகியை ஒட்டிய நாட்களில் நகரமே புகையைப் பற்றித்தான் பேசும், அந்த வாரம் உலை எரித்தால் புகார் நிச்சயம். அக்னி நட்சத்திரத்தில் உலைக்குப் பக்கத்தில் ஐந்து மணி நேரம் நிற்பது ஆபத்து. பொங்கல் முடிந்து மார்ச் வரைக்கும் உள்ள நாட்கள்தான் சென்னைக்கு ஏற்றவை. பொங்கலுக்குப் பிறகு உலை கட்டத் தொடங்கி, மாசி மாதத்தில் எரிப்பது என்று திட்டமிடுங்கள். தாதுக்கான கடிதத்தை நவம்பரிலேயே அனுப்பிவிட வேண்டும்.

கல்லூரி வளாகம் என்றால் முதல்வரின் அனுமதி. எங்கே செய்தாலும் அந்தப் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரு பக்கக் கடிதம், நாள், நேரம், பொறுப்பாளர் கைப்பேசி எண்ணோடு, பத்து நாள் முன்பே கொடுங்கள். "உலோகம் உருக்குகிறோம்" என்று எழுதினால் பட்டறை உரிமம் எங்கே என்று கேட்பார்கள். "மரக்கரியில் ஒரு நாள் செயல்விளக்கம், விற்பனை இல்லை" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தொடர்ந்து செய்து விற்கப் போகிறீர்கள் என்றால் அது தொழில். 1981 காற்றுச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும், இந்தக் கட்டுரை அதற்குப் போதாது.

இன்னொன்று, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 மணிக்குப் போன கரண்ட் மதியம் 2 மணிக்குத்தான் வரும். உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். உலைக்குக் காற்று ஊதும் ப்ளோயர் கரண்டில்தான் ஓடும், காற்று பத்து நிமிடம் நின்றாலும் அது உள்ளே போகும் ஊதுகுழாயின் வாயில் கசடு உறைந்துவிடும். சின்ன ஜெனரேட்டர் ஒன்றை அன்றைக்கு வாடகைக்கு எடுத்து வைப்பது நல்லது.

8. கரி

மரக்கரி மட்டும். நிலக்கரியும் கோக்கும் கந்தகத்தைக் கொண்டுவரும். அழுத்திச் செய்த பார்பிக்யூ கரிக்கட்டியில் சாம்பலும் பசையும் அதிகம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கமிருந்து வரும் சீமைக்கருவேலக் கரி சென்னையில் எளிதாகக் கிடைக்கிறது, ஹோட்டல் தந்தூரி அடுப்புகளுக்கு விற்கும் கடைகளில் மூட்டையாகக் கேளுங்கள். கிலோ நாற்பதிலிருந்து அறுபது ரூபாய்.

எடை கூடத் தண்ணீர் தெளித்த மூட்டையும் வரும். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். காய்ந்த கரி கண்ணாடி மாதிரி சத்தத்தோடு உடையும், ஈரக் கரி மந்தமாகப் பிளக்கும். நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துச் சலித்தால் ஐந்தில் ஒரு பங்கு தூளாகப் போய்விடும். இருபது கிலோ தாதுக்கு, உலையைச் சூடேற்றுவதற்கும் கடைசியில் எரித்து முடிப்பதற்கும் சேர்த்து அறுபது கிலோ வாங்கினால் சரியாக இருக்கும்.

9. உலை கட்டுதல்

களிமண்ணை ஏரியில் வெட்டாதீர்கள், அதற்குத் தாசில்தார் அனுமதி வேண்டும். கொசப்பேட்டை மாதிரி மண்பாண்டம் செய்கிறவர்கள் இருக்கும் இடத்தில் மண்ணாகவே விலைக்குக் கேளுங்கள். அதில் பாதிக்குப் பாதி மணலும், ஒரு பங்கு உமியும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்துக் குழையுங்கள்.

தரையில் ஒரு சாண் உயரம் காய்ந்த மணல். அதன் மேல் உலை. உள்விட்டம் 28 செ.மீ., உயரம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், சுவர் கனம் 15 செ.மீ. அடியில் ஒரு வாசல், கசடு வழியவும் கடைசியில் கட்டியை எடுக்கவும். தரையிலிருந்து 22 செ.மீ. உயரத்தில் ஊதுகுழாய், 20 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்து, உள்ளே 5 செ.மீ. நீட்டிக்கொண்டு இருக்கட்டும். கீழ்நோக்கிய சாய்வு இல்லாவிட்டால் கசடு குழாய்க்குள்ளேயே புகுந்து அடைத்துவிடும். குழாயின் பின்முனையில் ஒரு T வடிவ இணைப்பு போட்டுக் கண்ணாடித் துண்டு பொருத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

நிழலில் இரண்டு வாரம், அப்புறம் உள்ளே சின்ன விறகுத் தீ வைத்து இரண்டு மூன்று நாள் காயவையுங்கள். விரிசல் விடும், பயப்பட வேண்டாம். அதே மண்ணால் பூசுங்கள்.

10. உலை நாள்

காலை ஆறு மணிக்கு விறகுத் தீ. ஏழு மணிக்குக் கரி நிரப்பி ப்ளோயரை மெதுவாக விடுங்கள். இந்த அளவு உலைக்கு நிமிடத்துக்கு 750 முதல் 900 லிட்டர் காற்று தேவை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லாத ப்ளோயர் வாங்காதீர்கள். உலை வாயில் வாயு தானாகப் பற்றி எரிய வேண்டும். எரியாவிட்டால் காகிதத்தைக் கொளுத்திப் பற்றவையுங்கள். எரியாத வாயுதான் ஆளை விழவைக்கும்.

ஒரு மணி நேரம் போனதும் இரண்டு கிலோ கரி எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு நிமிடம் என்றால் காற்று சரி. அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டு கிலோ கரி, அதன் மேல் முதலில் ஒரு கிலோ தாது, போகப் போக இரண்டு கிலோ. தாதைச் சுவரோரம் கொட்டாமல் நடுவில் பரப்புங்கள். ஒருவர் நோட்டும் பேனாவுமாக நேரம், கரி, தாது மூன்றையும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

வெல்டிங் கண்ணாடி வழியாகக் குழாய்க்குள் பார்த்தால் வெளிர் மஞ்சளாகக் கண் கூசும். கறுப்பாக ஏதாவது தொங்கினால் கசடு அடைக்கிறது, கம்பியால் குத்தி விடுங்கள். காற்றின் சத்தம் மாறினாலும் அதே பொருள். பாதித் தாது போன பிறகு அடிவாசல் மண்ணில் சின்ன ஓட்டை போடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் கசடு வழிந்து, மணலில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, கறுத்துப் பளபளக்கும். கசடு வழியும் பாதையில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. ஆவி வெடித்துத் தெறிக்கும். பக்கத்தில் தண்ணீர் வாளியைவிட மணல் வாளிகள் அதிகம் வையுங்கள்.

பருத்தித் துணி, தோல் ஏப்ரன், தோல் கையுறை, ஐ.எஸ்.ஐ. முத்திரை ஷூ, முகத்துக்குக் கவசம், கையடக்க கார்பன் மோனாக்சைடு அலாரம். இவற்றில் எதையும் குறைக்காதீர்கள். மதியம் கடல்காற்று ஏறியதும் காற்றின் திசை மாறும், நிற்கும் பக்கத்தை நீங்களும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தாது தீர்ந்ததும் கரி மட்டும் இரண்டு மூன்று தடவை போட்டு, அரை மணி, முக்கால் மணி நேரம் எரியவிடுங்கள்.

11. கட்டியை எடுத்து இறுக்குதல்

வாசலை உடைத்து நீண்ட குறடால் கட்டியை இழுங்கள். சுவரோடு ஒட்டியிருந்தால் மேலிருந்து ஒரு பச்சை மரக்கட்டையால் இடித்துத் தளர்த்துங்கள். வந்ததும் ஒரு மரக்கட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியால்தான் முதலில் அடிக்க வேண்டும், ஓங்கி அல்ல, சுற்றிச் சுற்றி. எடுத்த எடுப்பில் சம்மட்டியால் அடித்தால் உதிர்ந்துவிடும். ஓட்டைகளுக்குள் இருக்கும் கசடு பிதுங்கி வரும். கட்டி சிவப்புக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு மறுபடி மஞ்சளாகக் காய்ச்சுங்கள்.

இதற்கு ஒரு கொல்லர் பட்டறை ஆளை அன்றைக்கு அரை நாள் கூலிக்குப் பேசி வைப்பது என் அழுத்தமான ஆலோசனை. கட்டி எப்போது அடி தாங்கும் என்பது அவருக்கு நிறத்திலேயே தெரியும். அடைகல்லும் அவரே கொண்டுவருவார். கூலி ஆயிரத்தைந்நூறு கொடுத்தோம், இன்னும் கொடுத்திருக்கலாம்.

இருபது கிலோ நல்ல தாதில் பன்னிரண்டு கிலோ இரும்பு இருக்கும். உலையிலிருந்து நாலைந்து கிலோ கட்டி வந்தால் நல்ல உலை. அடித்து இறுக்கிய பிறகு இரண்டு, மூன்று கிலோ. மீதி கசடோடு போய்விடும். அதுதான் இந்த முறையின் கணக்கு, ஏமாற வேண்டாம். கட்டி கண்ணாடி போல உடைந்து, உடைந்த முகம் வெள்ளையாக மின்னினால் கார்பன் அதிகம் ஏறிவிட்டது. அடுத்த முறை காற்றைக் குறைத்துத் தாதின் பங்கைக் கூட்டுங்கள். கசடுக்குள் வேகாத தாது தெரிந்தால் நேர்மாறு: தாதைக் குறைத்து, இன்னும் சின்னதாக உடைத்து, மெதுவாகப் போடுங்கள்.

12. செலவு

முதல் தடவைக்கு எங்களுக்கு ஆன கணக்கு, ஏறக்குறைய இப்படி. தாது 50 கிலோ, பார்சல் லாரியோடு 2,500 (தாதைவிட லாரிக்குத்தான் அதிகம்). பரிசோதனை வரியோடு 3,500. கரி 3,000. மண், மணல், வாசலுக்குத் தீச்செங்கல் எல்லாம் சேர்ந்து 3,000. ப்ளோயரும் ரெகுலேட்டரும் குழாயும் 3,500. பாதுகாப்புப் பொருட்கள் ஐந்து பேருக்கு 9,000. ஜெனரேட்டர், கொல்லர் கூலி, வேன் எல்லாம் 5,500. ஆக முப்பதாயிரம். இதில் ப்ளோயரும் பாதுகாப்புப் பொருட்களும் அடுத்த தடவைக்கு ஆகும். பணம் குறைவு என்றால் தாதுக்குப் பதில் மில் ஸ்கேல் வாங்கிச் சுருக்குங்கள். பாதுகாப்பில் கை வைக்காதீர்கள்.

13. முடிந்த பிறகு

அன்று இரவு யாராவது ஒருவர் உலைப் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே ஆறியது போல இருந்தாலும் உள்ளே கரி மறுநாள் காலை வரை கனன்றுகொண்டிருக்கும். கசடை வாய்க்காலிலோ ஏரியிலோ கொட்டாதீர்கள், ஓரம் பிளேடு மாதிரி காலைக் கிழிக்கும். நல்ல துண்டுகளைக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு மற்றதைச் சாக்கில் கட்டி மனைக்காரர் சொல்லும் இடத்தில் புதைத்துவிடலாம். மிஞ்சிய தாதை மூடிய ட்ரம்மில் வையுங்கள். பில்லின் நகலையும் சீட்டின் நகலையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு அந்த ட்ரம்மிலேயே ஒட்டிவிடுங்கள். அசல்கள் கல்லூரி அலுவலகக் கோப்பில் இருக்கட்டும், மாணவர் யார் கையிலும் கொடுக்காதீர்கள். படிப்பு முடிந்து போகும்போது கோப்பும் அவர்களோடு போய்விடும்.